பிறர் பெயரில் பிறந்த தொழில்

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டச் சரிவுகளில் கிள்ளும் கொழுந்து எந்தப் பெட்டியில், எந்தப் பெயரில் கடைக்குப் போகிறது என்று கிள்ளியவருக்குத் தெரியாது. 600 மீற்றருக்குக் கீழே விளைவதால் அது தாழ்நிலத் தேயிலை. லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போகும். வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, சூடேற்றி, சலித்துத் தரம் பிரித்த பின், 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகும். அங்கே வாங்கியவர் வேறு ஊர்த் தேயிலையோடு கலந்து தன் பெயரை ஒட்டுவார். செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால் இது நமக்கு விசேஷமாகத் தெரிவதில்லை.

இலத்திரனியல் துறையில் இதே ஏற்பாடு உலகளாவிய ஒரு தனித்தொழிலாக வளர்ந்து நிற்கிறது. கைத்தொலைபேசி, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் கருவி, காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டி: இவற்றின் மேல் எழுதியிருக்கும் கம்பனி பல வேளைகளில் அவற்றைச் செய்ததில்லை. வரைபடத்தை மட்டும் கொடுத்தது. செய்தது ஒப்பந்த உற்பத்தியாளர். தன் பெயரில் கடைக்கு ஒரு பொருளும் அனுப்பாமல் பிறர் பெயரில் கோடிக்கணக்கில் செய்து கொடுப்பதே அவர் தொழில். அதற்கு வயது அறுபதைச் சுற்றித்தான். ஒரு காலத்தில் அந்தத் தொழில் நம் தீவின் வாசல்வரை வந்து திரும்பிப் போனது. ஏன் திரும்பியது என்பது சப்ரகமுவத் தோட்ட லயங்களோடும் சம்பந்தப்பட்ட கதை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு வேலையை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது பிரித்தெடுக்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். பழைய வானொலிப் பெட்டி அப்படி இல்லை. அதன் அடிப்பாகத்தைத் திறந்தால் கம்பிகள் பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு கம்பியையும் ஒருவர் கையால் வளைத்து, ஈயம் உருக்கி ஒட்டியிருப்பார். இரண்டு பெட்டிகள் ஒன்றுபோல் இருக்காது. வேலை தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதை மாற்றியவர் போல் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளின் நிழல் ஆஸ்திரியாவின் மேல் விழுந்துகொண்டிருந்த காலத்தில், 1936இல், இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். கையில் காசில்லை, வேலை செய்ய அனுமதியும் சரியாக இல்லை. அச்சுத்தொழிலில் முன்பே பழகியிருந்த மனிதர். கம்பிகளுக்குப் பதிலாக, மின்சாரம் ஓடவேண்டிய பாதையைச் செப்புத் தகட்டில் அச்சடித்துவிட்டு மிச்சத்தை அமிலத்தால் கரைத்தெடுத்தால் என்ன என்று யோசித்தார். அப்படிச் செய்த ஒரு வானொலியைக் கொண்டுபோய்க் காட்டினார். ஆர்வம் காட்டியவர்கள் மிகச் சிலர். 1943இல் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். போர்க்காலத்தில், இலக்கை நெருங்கியதும் வெடிக்கும் குண்டுகளின் உள்ளமைப்புக்கு அமெரிக்கர்கள் அச்சுச் சுற்றுகளைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்தபின் அந்த முறை பொதுவுக்கு வந்தது. அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையில் இருந்த டாங்கோ, ஏப்ரம்சன் என்ற இருவர் இன்னொரு படி மேலே போனார்கள். உறுப்புகளின் கால்களைப் பலகைத் துளைகளில் நுழைத்துவிட்டு, பலகையின் அடிப்பாகத்தை உருகிய ஈயத்தில் ஒரே தடவை தோய்த்தெடுக்கும் முறை அவர்களுடையது.

அந்த நாளிலிருந்து வேலை ஒரு படத்துக்குள் அடங்கியது. எந்தத் துளையில் எந்த உறுப்பு என்று ஒரு தாள் சொல்லும். தாளையும் உறுப்புகளையும் யாரிடம் கொடுத்தாலும் ஒரே மாதிரியான பலகை திரும்பி வரும். சர்க்கியூட் போர்ட் என்று நாம் சொல்லும் அந்தப் பச்சைப் பலகைதான் ஒப்பந்த உற்பத்தியின் தாய். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஓர் அகதியின் யோசனையில் அது பிறந்தது என்பதை நம் ஆட்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அடுத்த கட்டம் வீடுகளில் நடந்தது. 1961இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் நகரில் ஒலின் கிங் என்ற பொறியியலாளர், கூட்டாளிகள் இருவரோடு தன் வீட்டு நிலவறையில் ஸ்பேஸ் கிராஃப்ட் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். விண்வெளித் திட்டத்துக்குத் தேவையான கருவிகளைச் செய்து கொடுப்பது வேலை. பிறகு அதன் பெயர் எஸ்.சி.ஐ. என்று சுருங்கியது. 1969இல் கலிபோர்னியாவில் ஜோ மெக்கன்சியும் அவருடைய மனைவியும் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துக் கம்பனிகளுக்கு ஓடர் குவிந்து ஆள் போதாமல் போகும்போது மிஞ்சிய பலகைகளை வாங்கிவந்து, கணவனும் மனைவியும் உட்கார்ந்து கையால் ஈயம் வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். உறுப்புகள் எல்லாம் கொடுத்தவருடையவை, கூலி மட்டும் இவர்களுக்கு. 1977இல் சொலெக்ட்ரான் வந்தது. அந்தக் காலத்தில் சிலிக்கன் பள்ளத்தாக்கின் வீட்டுச் சமையலறை மேசைகளில், வியட்னாமிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து குடியேறிய பெண்கள் துண்டுக் கணக்கில் கூலி வாங்கிப் பலகை நிறைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் கொட்டகையில் கணினி செய்த இளைஞர்களைத்தான் அதிகம் சொல்கிறார்கள். அந்த மேசைகளையும் சொல்ல வேண்டும்.

கூலிக்கு ஈயம் வைப்பது தொழிலாக நிமிர்ந்த ஆண்டு 1981. ஐ.பி.எம். தன் தனிநபர்க் கணினியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பியது. எல்லாவற்றையும் தானே செய்துகொண்டிருந்தால் காலம் போய்விடும். பலகைகளைச் செய்யும் வேலை ஹண்ட்ஸ்வில்லின் எஸ்.சி.ஐ.க்குப் போனது. அத்தனை பெரிய நிறுவனமே தன் பொருளின் உள்ளுறுப்பை வெளியாளிடம் கொடுக்கிறது என்றால் நாம் ஏன் கொடுக்கக் கூடாது என்று மற்றவர்களும் நினைக்கத் தொடங்கினார்கள். மெல்ல மெல்ல ஒப்பந்தத்தின் வடிவமும் மாறியது. முன்பு உறுப்புகளைக் கொடுத்துக் கூலிக்குச் செய்து வாங்கினார்கள். இப்போது வரைபடத்தையும் உறுப்புப் பட்டியலையும் மட்டும் கொடுத்தால் போதும். உறுப்புகளை உலகமெங்கும் தேடி வாங்குவது, பொருத்துவது, சோதிப்பது, பெட்டியில் போடுவது, கப்பலேற்றுவது எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. 1990களில் பெயர் பெற்ற கம்பனிகள் தங்கள் தொழிற்சாலைகளையே, ஆட்களோடு சேர்த்து, ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றன.

ஏன் விற்றன? இயந்திரங்களின் விலைதான் காரணம். உறுப்புகளுக்குக் கால்கள் இருந்த காலம் போய், பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் நுண்ணிய உறுப்புகள் 1980களில் பரவின. ஒரு மில்லிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் அகலமும் உள்ள ஓர் உறுப்பைக் கையால் எடுத்து வைக்க முடியாது. அதற்கென்று வரிசையாக இயந்திரங்கள் வேண்டும். முதல் இயந்திரம், துளைகள் வெட்டிய மெல்லிய எஃகுத் தகட்டைப் பலகைமேல் வைத்து ஈயப் பசையைத் தேய்க்கும். பசை என்பது தூளாக்கிய உலோகமும் பிசினும் கலந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுத்தபின் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பசையின் உயரத்தை ஒரு கமரா அளக்கும். அடுத்து வரும் இயந்திரம், நாடாக்களில் சுற்றிவரும் உறுப்புகளை உறிஞ்சியெடுத்து மணிக்கு ஆயிரக்கணக்கில் பலகையில் வைக்கும். பிறகு நீண்ட அடுப்பு. பலகை அதற்குள் மெதுவாக நகரும்போது சூடு படிப்படியாக ஏறி உச்சத்துக்குப் போய் இறங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பின் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தக் கலை சட்டெனப் புரியும். சூடு கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது, கூடினால் கருகும், ஏறும் வேகம் பிசகினால் சரக்குக் கெடும். 2006 ஜூலை முதல் ஐரோப்பா ஈயத்தை விலக்கியபின் இந்த வேலை இன்னும் கடினமாயிற்று. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பழைய கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற கணக்கில் வரும் புதிய கலவைக்கு 217 பாகை வேண்டும். உறுப்புகளோ 260 பாகையைத் தாண்டினால் பழுதாகக்கூடும். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு பலகையும் நுழைந்து வெளியே வர வேண்டும்.

ஈரத்தையும் சொல்ல வேண்டும். சில்லுகளின் கறுப்பு உடல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அப்படியே அடுப்புக்குள் போனால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உடலைப் பிளந்துவிடும். அதனால் முத்திரையிட்ட பைகளில் வைப்பார்கள். பை திறந்து அதிக நேரமாகிவிட்டால் அடுப்பில் உலர்த்தி எடுத்த பிறகே பொருத்துவார்கள். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில் இப்படியொரு தொழிற்சாலையை யாராவது கட்டினால் முதற்செலவு காற்றை உலர்த்துவதற்குத்தான் போகும். முடியாத காரியமில்லை. சிங்கப்பூரும் மலேசியாவின் பினாங்கும் நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள ஊர்கள்தான்.

இந்த இயந்திர வரிசையை ஒரு கம்பனி தன் ஒரே பொருளுக்காக வாங்கி வைத்தால் பாதி நேரம் சும்மா கிடக்கும். இருபது கம்பனிகளின் பலகைகள் ஓடினால் சும்மா கிடக்காது. ஒப்பந்தத் தொழிலின் மொத்தத் தருக்கமும் இதுதான். 1974இல் தாய்வானில் ஹொன் ஹாய் என்ற பெயரில், தாயிடம் வாங்கிய கடனோடு தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் திருகு குமிழ் செய்யத் தொடங்கிய டெரி கோ, அந்தத் தருக்கத்தைக் கடைசிவரை பிடித்துப் போனவர். 1988இல் சீனாவின் ஷென்சென்னுக்குப் போனார். ஃபொக்ஸ்கொன் என்று உலகம் அறிவது அந்த நிறுவனத்தைத்தான். மெக்கன்சி தம்பதியின் நிறுவனம் கைமாறி, சிங்கப்பூருக்குப் போய், 2007இல் சொலெக்ட்ரானை 360 கோடி டொலர் அளவுக்கு வாங்கியது. எஸ்.சி.ஐ. 2001இல் சான்மினாவோடு இணைந்தது. சான்மினாவுக்குச் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தொழிற்சாலை இருக்கிறது. ஹண்ட்ஸ்வில் நிலவறையின் ஒரு கிளை அங்கே வந்து நிற்கிறது.

இனி, யாருடைய கைகள் என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மனம் கொதிக்கும் இடம் அது.

சில்லுகளின் நுண்கம்பிகளை இணைக்கும் வேலையை அமெரிக்காவின் ஃபெயர்சைல்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்திலேயே ஹொங்கொங்குக்குக் கொண்டுபோனது. 1965இல் நியூ மெக்சிக்கோவின் ஷிப்ரொக்கில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் ஆலை வைத்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நவஹோப் பெண்கள். நெசவில் பரம்பரையாகப் பழகிய விரல்கள் என்பதால் இந்த வேலை அவர்களுக்கு இயல்பாக வருகிறது என்று அந்தக் கம்பனியின் விளம்பரப் புத்தகம் படம்போட்டுக் காட்டியது. மலேசிய அரசின் முதலீட்டு விளம்பரங்களும் கீழைத்தேயப் பெண்ணின் சிறிய கைகளையும் விரல் வேகத்தையும் புகழ்ந்தன. நமக்கு இது புதுப் பாட்டா? கொழுந்து கிள்ள மென்மையான பெண் விரல்தான் வேண்டும் என்ற பேச்சு நூற்றைம்பது ஆண்டுகளாக நம் மலைகளில் ஒலிக்கிறது. கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்துகொண்டு அட்டைக்கடிக்கிடையே சரிவில் நிற்பது மென்மையான வேலை இல்லை. பழகிப் பழகித்தான் கை வேகமாகிறது. அது தேர்ச்சி. தேர்ச்சிக்குக் கூலி கொடுக்க வேண்டும். இயல்பு என்று சொல்லிவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஷிப்ரொக்கிலும் பினாங்கிலும் நம் தேயிலை மலைகளிலும் அந்தப் பேச்சு செய்த காரியம் ஒன்றுதான். ஷிப்ரொக் ஆலை 1975இல், ஆட்குறைப்பை எதிர்த்த பழங்குடி இயக்கத்தினர் உள்ளே புகுந்து அமர்ந்தபின், நிரந்தரமாக மூடப்பட்டது.

இலங்கைக்கு வருவோம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இன் 4ஆம் இலக்கச் சட்டப்படி பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தது. கட்டுநாயக்கவில் முதல் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. அந்த ஆணைக்குழுவின் முதல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் உபாலி விஜேவர்தன. கண்டோஸ் சொக்லட்டுக்காரர் என்று நம் ஊர்களில் தெரிந்தவர். யுனிக் என்ற பெயரில் வானொலிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் இங்கேயே பொருத்தி விற்றவர். வெளியிலிருந்து உறுப்புகள் வரும், இங்கே கூட்டிப் பொருத்துவார்கள். சிறிய அளவுதான் என்றாலும் பலகையில் ஈயம் வைக்கும் கைகள் இந்தத் தீவில் அப்போதே இருந்தன. 1983 பெப்ரவரி 13ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய சிறு விமானம் மலாக்கா நீரிணைப் பக்கம் காணாமல் போனது.

அமெரிக்காவின் பெரிய இலத்திரனியல் நிறுவனங்களான மோட்டரோலாவும் ஹாரிஸும் அந்த ஆண்டுகளில் கட்டுநாயக்கவில் ஆலை அமைக்க இணங்கியிருந்தன. இவை பிறர் பெயரில் செய்து கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் அல்ல, தங்கள் சில்லுகளைத் தாங்களே பொருத்தும் கம்பனிகள். ஆனால் பினாங்கின் அனுபவம் என்ன சொல்கிறது என்றால், முதலில் இப்படிப்பட்ட நாலைந்து பெரிய ஆலைகள் வர வேண்டும். அவற்றில் வேலை பழகிய தொழில்நுட்பவியலாளர்கள் வெளியே வந்து சிறு பட்டறைகள் வைப்பார்கள். அச்சு வெட்டுகிறவர், இயந்திரம் பழுது பார்க்கிறவர், சோதனைக் கருவி செய்கிறவர் என்று சுற்றிலும் ஒரு கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தைத் தேடித்தான் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் வருவார்கள். மோட்டரோலாவும் ஹாரிஸும் நமக்கு அந்த முதல் விதையாக இருந்திருக்கும்.

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. வீடுகளோடும் உயிர்களோடும் சேர்ந்து தொழிற்சாலைகளும் எரிந்தன. தமிழரும் இந்திய வம்சாவளியினரும் நடத்திய ஆலைகள் தேடிக் கொளுத்தப்பட்டன. ஏ.வை.எஸ். ஞானத்தின் துணி ஆலையும், குணரத்தினத்தின் கே.ஜி. நிறுவனமும் அவற்றில் பெயர் தெரிந்த சில. அந்த ஆலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோரில் சிங்களவரும் பலர். அவர்களுடைய சம்பளமும் அந்த நெருப்பிலேயே போயிற்று. மோட்டரோலா, ஹாரிஸ் இரண்டும் பின்வாங்கின. நம் நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்கள் இந்தப் பின்வாங்கலைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் எழுதுவது தலைநகரத்தையும் முதலீட்டையும் பற்றி. சப்ரகமுவத்திலிருந்து பார்த்தால் கதை இரண்டு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறது.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்க ஊர்களிலும் தோட்டங்களிலும் மலையகத் தமிழரான நம்மவர் தாக்கப்பட்டார்கள். லயங்கள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன. 1977லும் அடி வாங்கியிருந்த மக்கள்தான் இவர்கள். எத்தனையோ குடும்பங்கள் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறக் காத்திருந்தவர்கள், இனி இங்கே என்ன இருக்கிறது என்று அவசரமாகப் புறப்பட்டார்கள். அந்த ஆகஸ்டை உலகச் சந்தை கவனிக்கவில்லை. லயத்துக்கு வைத்த நெருப்பு யாருடைய முதலீட்டையும் தொடவில்லை. இரண்டு வருடம் கழித்து அதே நெருப்பு கொழும்பில் எரிந்தபோதுதான் கணக்குப் புத்தகங்களில் ஏறியது. 1981இல் சப்ரகமுவத்தில் நடந்ததை அரசு கண்டித்துத் தண்டித்திருந்தால் 1983 அந்த வடிவில் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இலத்திரனியல் ஆலை திரும்பிப் போன கதையைச் சொல்கிறவர்கள் அதைக் குருவிட்ட, காவத்தை, இறக்குவானைப் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.

கலவரம் நடந்த ஊருக்கு முதலீடு வராது என்று இதைச் சுருக்கிவிடவும் முடியாது. மலேசியாவில் 1969 மே 13இல் இரத்தம் ஓடியது. பினாங்கில் அப்போது கடும் வேலையின்மை, வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகையும் அதே ஆண்டில் பறிபோயிருந்தது. ஆனாலும் 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பக்கார்ட், ஹிட்டாச்சி, பொஷ் என்று எட்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. முதலமைச்சர் லிம் சொங் யூ ஒவ்வொன்றின் பின்னாலும் நேரில் அலைந்தார். அங்கே கலவரம் திரும்பாது என்று நம்ப வைக்கும்படி அரசு நடந்துகொண்டது. மலேசியாவின் இனக் கொள்கைகளில் ஆயிரம் குறை உண்டு, அங்குள்ள தோட்டத் தமிழர் நிலையும் தனிக் கதை. ஆனால் ஆலைக்குப் போன பெண் மாலையில் வீடு திரும்புவாள் என்ற நிச்சயம் பினாங்கில் இருந்தது. நம்மிடம் 1958, 1977, 1981, 1983 என்று அடுக்கிக்கொண்டே போனது. ஒப்பந்த உற்பத்தியாளர்களான ஜேபில், ஃப்ளெக்ஸ் (பழைய ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ்), பிளெக்சஸ் எல்லாம் இன்று பினாங்கில் இருக்கின்றன.

கட்டுநாயக்க வலயத்தை ஆடைத் தொழில் நிரப்பியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் அதைக் கிராமங்களுக்கும் கொண்டுவந்தது. குருவிட்டப் பக்கத்துப் பெண்கள் தையல் இயந்திரத்துக்கு முன் அமர்ந்தார்கள். அதுவும் ஒப்பந்த உற்பத்திதான், வெளிநாட்டுப் பெயருக்காகத் தைக்கும் சட்டை. இலத்திரனியலில் நமக்கு மிஞ்சியது சில தீவுகள் மட்டும். கொக்கல வலயத்தில் ஃப்ளின்டெக், தராசுகளுக்கும் இயந்திரங்களுக்கும் எடை உணரும் கருவிகளைச் செய்கிறது. பதல்கமவில் சுவிட்சர்லாந்தின் வரியோசிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கு ஆலை உண்டு. 1993இல் ஸ்டெய்னாக்கில் தொடங்கிய நிறுவனம் அது, அசல் ஒப்பந்த உற்பத்தியாளர். தொகை குறைவாகவும் வகை அதிகமாகவும் உள்ள, பிழை பொறுக்காத பலகைகள்தான் இப்படிப்பட்ட நிறுவனங்களின் பிழைப்பு. கோடிக்கணக்கில் கைத்தொலைபேசி செய்யும் போட்டியில் இறங்க நம்மால் முடியாது. நமக்குப் பொருந்தும் வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

பக்கத்து லயத்திலிருந்து வலயத்துக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பிள்ளையிடம் ஒருநாள் கேட்டேன்.

“அங்க என்ன வேலம்மா?”

“வயர் செட்டு மாமா. கலர் பாத்துக் கோத்து, கிளிப்பு போடணும். அப்புறம் மிசின்ல குத்திச் சோதிப்பாங்க.”

“எதுக்குப் போகுது அதெல்லாம்?”

“காருக்குன்னு சொல்றாங்க. எந்தக் காருன்னு தெரியாது மாமா. பெட்டி மேல நம்பர்தான் இருக்கும்.”

அவளுடைய அம்மாவுக்கும் தான் கிள்ளிய கொழுந்தின் பெயர் தெரியாது. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. மகளுக்கு மாதச் சம்பளம், பஸ், நிழல். மழை பெய்தால் அவளுக்கு அரைப்பேர் என்ற பாதிநாள் கூலி இல்லை. இந்த முன்னேற்றத்தைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

பங்கு எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால்தான் மிச்சம் தெரியும். சிறு தோட்டக்காரர் கொழுந்தை விற்கும்போது, ஏலத்தின் நிகரச் சராசரி விலையில் 68 பங்கு அவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்று ஒரு வாய்பாடு இந்நாட்டில் உண்டு. போதுமா இல்லையா என்று வாதாடலாம், வாதாட ஓர் எண்ணாவது இருக்கிறது. தோட்டத்தில் பேர் போட்டு நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த வாய்பாட்டில் இடமில்லை. இலத்திரனியலில் வாய்பாடே கிடையாது. ஹொன் ஹாய் போன்ற மாபெரும் நிறுவனத்துக்கே விற்பனையில் இரண்டு மூன்று சதவீதம்தான் இலாபமாக மிஞ்சுகிறது, பெயருக்குரிய கம்பனி அதைப் போல் பல மடங்கு எடுக்கிறது. இவ்வளவு மெல்லிய இலாபத்தில் ஓடும் தொழிலில் மிச்சம் பிடிக்க எளிதான இடம் தொழிலாளியின் சாப்பாடும் தங்குமிடமும்தான்.

தமிழ்நாட்டில் இது கண்முன்னே நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நொக்கியா 2006இல் கைத்தொலைபேசி செய்யத் தொடங்கியது. அதைச் சுற்றி ஃபொக்ஸ்கொன் உட்பட ஒப்பந்தக்காரர்கள் கூடினார்கள். வரித் தகராறில் சிக்கிய நொக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது, ஆயிரக்கணக்கான இளைஞர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். பிறகு ஃபொக்ஸ்கொன் ஐஃபோன் செய்ய வந்தது. 2021 டிசம்பரில் அதன் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதித் தொகுதியை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். சாலையில் உட்கார்ந்ததற்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பிரபலமான பெயரே அந்தப் பெண்களுக்கு ஆயுதமாயிற்று. தன் பெயர் கெடுமே என்ற பயம் கூலிக்குச் செய்பவரைவிடப் பெயருக்குரியவருக்கு அதிகம். தேயிலையில் பெயர் பலதாகக் கலந்துவிடுவதால் நமக்கு அந்த ஆயுதம் கிடைத்ததேயில்லை.

ஆகவே நம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும், ஆனால் வெறுங்கையோடு போகக் கூடாது. பலகைகளின் தரத்துக்கு உலகம் பரவலாக ஏற்கும் நியமம் ஒன்று இருக்கிறது. 1957இல் அமெரிக்காவில் அச்சுச் சுற்றுத் தொழிலினர் கூடி ஐ.பி.சி. என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு அதை எழுதுகிறது. ஈயம் எந்த அளவு ஏறியிருக்க வேண்டும், எந்த வளைவு சரி, எது தள்ளுபடி என்று படம் படமாகச் சொல்லும் நூல் அது. அதைப் படித்துத் தேர்வெழுதினால் சான்றிதழ் கிடைக்கும்; ஈயம் வைத்துக் காட்டிப் பெறும் சான்றிதழும் தனியாக உண்டு. இரண்டு ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அது ஆளின் பெயரிலேயே வரும். பதல்கமவிலும் பினாங்கிலும் ஒரகடத்திலும் ஒரே மதிப்பு. வேலை மாறினாலும் கூடவே போகும். இரத்தினபுரி மாவட்டத்தில் அந்தப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும். அதற்கு ஈயம் வைக்கும் மேசைகள் பத்து, உருப்பெருக்கிக் கண்ணாடிகள், புகையை இழுக்கும் காற்றாடி, பழைய பலகைகள், சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியர், ஓர் அறை போதும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக லயத்து வாசலில் காத்திருக்கும் மாதங்களிலேயே முதல் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.